இரண்டாவது அட்டை

திருப்பதி, அலிபிரி சாலை
3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

இந்திராணிக்கு,

தெரிந்த விஷயத்தை "எனக்குத் தெரியாது" என்று ஒருத்தி ஏன் எழுதிக் கொடுக்கிறாள்? பன்னிரண்டு நாட்களாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் கிடைக்கவில்லை. உன்னிடம் சொல்லத் தகுந்த பதில் கிடைக்கவில்லை என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

நீ என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். சஸ்பெண்டில் இருப்பவரோடு விசாரணை முடியும்வரை யாரும் பேசக்கூடாது என்று எச்.ஆர். ஹரிபிரசாத்தும் சொல்லியிருக்கிறார். அதனால் இதை உன் லைனில் வேலை செய்யும், உங்கள் ஊர் பஸ்ஸில் வரும் கிருஷ்ணம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். நேற்றே கேட்டுவிட்டேன். "நகரி பஸ்ஸுல இனிமே தபாலும் போவுமா மேடம்?" என்றாள். முடியாது என்று சொல்லவில்லை.

விசாரணையில் என்னை விளக்கச் சொன்னால் எப்படிச் சொல்வேன் என்று எழுதிப் பார்த்தேன். இப்படி வந்தது:

லைன் நான்கில் இருபத்தெட்டுப் பெண்கள் கார்களுக்கான வயர்களைக் கட்டுகிறார்கள். கழிப்பறைக்குப் போக ஒரே ஓர் அட்டை. ஒருத்தி அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்த் திரும்பினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். அட்டை இல்லாமல் எழுந்தால் லைன் தலைவியின் பெயரில் குறிப்பு ஏறும். சென்ற டிசம்பரில், அட்டைக்குக் காத்திருக்கவேண்டுமே என்று தண்ணீரே குடிக்காமல் இருந்த பிரீத்தி, சிறுநீர்த் தொற்றும் காய்ச்சலுமாக லைனிலேயே விழுந்தாள். அடுத்த வாரம் லைன் தலைவி இந்திராணி அந்த அட்டையை ஜெராக்ஸ் எடுத்து, லேமினேட் செய்து, இரண்டாவது அட்டை ஆக்கினாள். ஜூலை 22 அன்று ஆடிட்டர் நடைபாதையில் வந்தபோது, எதிரெதிரே வந்த இரண்டு பெண்களின் கழுத்திலும் 0417 என்ற ஒரே எண் இருந்தது. போலி ஆவணம் தயாரித்ததாக லைன் தலைவி சஸ்பெண்ட் செய்யப்பட்டாள். ஷிஃப்ட் மேலாளர் பிரமிளா, தனக்கு இது தெரியாது என்று எழுதிக் கொடுத்தார்.

கடைசி வாக்கியம் மட்டும் பொய். ஜனவரியில் ஒரு நாள் அதே நடைபாதையில் இரண்டு பெண்கள் இரண்டு அட்டைகளோடு எனக்கு எதிரே வந்தார்கள். நான் அறிவிப்புப் பலகையின் பக்கம் திரும்பி, தீப்பிடித்தால் செய்யவேண்டியவை என்ற தாளை வாசித்தேன். அவர்கள் கடந்து போகும்வரை இரண்டு முறை வாசித்தேன். பதினோரு குறிப்புகள்.

இதற்கு மேல் இன்று எழுத வரவில்லை. படித்ததும் கிழித்துவிடு.

பிரமிளா


நகரி
6 ஆகஸ்ட் 2025

மேடம் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

காகிதத்தில் கையெழுத்தோடு எழுதிவிட்டு, படித்ததும் கிழிக்கச் சொல்கிறீர்கள். என் வீட்டுக்காரர் வாசித்துவிட்டு, "எம்.எஸ்ஸி. பட்சவங்க இப்டித்தான் ஒளிஞ்சிக்குவாங்களா?" என்று கேட்டார். நான் பத்தாவதுவரை தமிழ் மீடியம். எனக்குத் தெரியாது என்றேன். இந்த வார்த்தை இப்போது எல்லாருக்கும் கை கொடுக்கிறது.

நீங்கள் தீயைப் பற்றி வாசித்த அன்று நான் லைன் கதவில்தான் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் திரும்பியதைப் பார்த்தேன். உள்ளே போய், "மேடம் பாத்துட்டாங்க. பாக்காத மாதிரி கீறாங்க. இனிமே பயம் இல்ல" என்று சொன்னேன். அதுவரை இரண்டாவது அட்டையைத் தொட யோசித்தவர்கள்கூட அன்றைக்கு எடுத்தார்கள். உங்கள் முதுகுதான் எங்களுக்கு உத்தரவு.

ஏப்ரலில் திருப்பதி ஓட்டலில் பயிற்சி வைத்தார்கள். லைன் நான்கில்தான் லீவு குறைவு என்று உங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். நீங்கள் மைக் பிடித்து, நல்ல தலைவர் பாராட்டு வரும்போது பின்னால் நிற்பார், பழி வரும்போது முன்னால் வருவார் என்று சொன்னீர்கள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். பிரீத்தி என் காதில், "சீக்கிரம் முடிச்சா துன்னப் போலாம்க்கா" என்றாள். சும்மா கேளுடி, நம்ம மேடம் நல்லாப் பேசறாங்க என்று அவளை அடக்கினேன். கையும் தட்டினேன். இரண்டாவது அட்டையால்தான் லீவு குறைந்தது என்று அந்த அறையில் நம் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

எண்ணை ஏன் மாற்றவில்லை என்று ஹரிபிரசாத் சார் கேட்டார். மாற்றியிருந்தால் நான் புதிதாக ஒரு அட்டை உண்டாக்கியதாக ஆகியிருக்கும். கம்பெனி கொடுத்த அட்டைக்கே இன்னொரு கழுத்து கொடுத்தேன், அதில் பொய் எங்கே இருக்கிறது சார் என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். எனக்கு எதிராகத்தான் எழுதியிருப்பார்.

இருபதாம் தேதி விசாரணை. வேலை போனால் வேறு வேலை தேடுவேன். போலி ஆவணம் என்று எழுதி அனுப்பினால் ஸ்ரீ சிட்டியில் எந்தக் கம்பெனி கேட்டும் எனக்குத் திறக்காது. என் வீட்டில் தறி ஓட்டுகிறவருக்குக் கை நடுங்க ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது. அது உங்களுக்கும் தெரியும்.

அட்டை செய்தது நான்தான். அதை மறுக்கமாட்டேன். உங்களுக்குத் தெரியும் என்று மட்டும் அங்கே நீங்கள் சொல்லவேண்டும். மேலே உள்ளவருக்குத் தெரிந்து ஏழு மாதம் நடந்தால் அது போலி இல்லை, வழக்கம். எனக்கே தெரிகிற சட்டம் இது.

இந்திராணி


திருப்பதி
10 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

இந்திராணிக்கு,

நீ "அக்கா" என்று எழுதுவாய் என்று எதிர்பார்த்தேன். லைனுக்கு வெளியே அப்படித்தானே கூப்பிடுவாய். அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று தெரிந்தே எழுதுகிறேன்.

ஓட்டலில் நான் பேசியது என் சொற்கள் இல்லை. சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் கொடுத்த ஸ்லைடு. அதில் ஒரு வரியைக்கூட நான் நம்பவில்லை. நம்பாததை என்னால் நன்றாகச் சொல்ல முடிந்தது, நீ கை தட்டும் அளவுக்கு. இதைச் சமாதானமாக எழுதவில்லை. நீ கை தட்டினாய் என்று தெரிந்தபிறகு மறைக்க மனமில்லை.

நான் பதினோரு வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவள். அங்கே தவறாக எழுதினால் பலகையை அழித்தால் போதும். இங்கே வந்த முதல் மாதமே ஆலை மேலாளர், "லேடி மேனேஜர் என்றால் லைன் இளகிவிடும் என்கிறார்களே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த வார்த்தைக்குப் பயந்தே ஆறு வருடத்தை ஓட்டியிருக்கிறேன். எனக்குத் தெரியும் என்று சொன்னால், நானும் சேர்ந்து விதியை மீறினேன் என்று ஆகும். என் பதவி போகும். நாற்பத்தெட்டு வயதில் என்னை யார் எடுப்பார்கள்? இதெல்லாம் காரணம். பதில் இல்லை.

ஆனால் உன்னிடமும் ஒன்று கேட்கவேண்டும். கம்பெனி அட்டை ஆணியில் தொங்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நீ செய்த அட்டை எங்கே இருந்தது? உன் ஏப்ரன் பையில். மே மாதம் ரத்தினம்மா என் மேஜைக்கு வந்து அழுதாள். "இந்திராணிய எவளாவது பஸ்ஸுல கிண்டல் பண்ணா அன்னிக்கு அட்ட கெடையாது மேடம். ரெண்டு நாளு காலை இறுக்கிக்கினு நின்னேன்" என்றாள். ஐம்பத்திரண்டு வயதுப் பெண், இந்திராணி. உன்னைவிட இருபது வயது மூத்தவள்.

அன்றும் நான் ஒன்றும் செய்யவில்லை. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால், அட்டையைப் பற்றி எனக்குத் தெரியும் என்று ஆகிவிடுமே. கம்பெனி அட்டையையே எடுத்துக்கொள்ளச் சொல்லி அவளை அனுப்பிவிட்டேன்.

பிரீத்தியைக் காப்பாற்றச் செய்த அட்டை ரத்தினம்மாவைத் தண்டிக்கவும் பயன்பட்டிருக்கிறது. இதை விசாரணையில் நான் சொல்லமாட்டேன். என்மேல் கல்லெறிவதற்கு முன் நீ இதையும் நினைத்துப் பார்.

பிரமிளா


நகரி
13 ஆகஸ்ட் 2025

மேடம்,

ரத்தினம்மா சொன்னது உண்மை.

உங்கள் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிறது. முதலில் உங்கள்மேல்தான் கோபம். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் என் பையைச் சோதிக்கிறீர்களே என்று. பிறகு யோசித்தேன்.

முதலில் பையில் வைத்தது, ஆணியில் இரண்டு தொங்கினால் தெரிந்துவிடும் என்பதற்காகத்தான். அப்புறம் வேறு மாதிரி ஆகிவிட்டது. அட்டை என் பையில் இருக்கும்வரை எல்லாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் விட்டார்கள். டிபனில் எனக்கென்று ஒரு வடை வந்தது. எனக்கு அது பிடித்துப்போனது. ரத்தினம்மா என்னை "லைனுக்கு ராணி" என்று கிண்டல் செய்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த நாள் அவள் கை நீட்டியபோது, கொஞ்சம் இரு, வேறொருத்திக்கு அவசரம் என்றேன். யாருக்கும் அவசரம் இல்லை. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான்.

நேற்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னது அவளுக்குக் கேட்டதா என்றே தெரியவில்லை. இரண்டாவது முறை சத்தமாகச் சொன்னேன். தப்பு பண்ணிட்டேன் ரத்தினம்மா என்று தெருவுக்கே கேட்டிருக்கும். "இப்ப இன்னாத்துக்கு வந்த? அட்டதான் இல்லியே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. அதுதான் எனக்குக் கிடைத்தது.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். ஜனவரியிலேயே நீங்கள் என்னைக் கூப்பிட்டு, "எனக்குத் தெரியும், ஆணியில் மாட்டு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அட்டை என் பைக்குள் இருந்திருக்காது. நீங்கள் பார்க்கவில்லை என்று இருந்ததால்தான் அது முழுக்க என்னுடையது ஆனது. உங்களிடம் பழியைத் தள்ளுவதற்காக எழுதவில்லை. என் பங்கை ரத்தினம்மா வாசலில் நின்று சொல்லிவிட்டேன். உங்கள் பங்கைச் சொல்ல உங்களுக்கு இருபதாம் தேதி இருக்கிறது.

இந்திராணி


திருப்பதி
18 ஆகஸ்ட் 2025, திங்கள்

இந்திராணிக்கு,

உன் கடிதத்தை நான்கு நாட்களாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். விடியுமுன் அலிபிரியில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது தினமும் எடுத்து வாசிக்கிறேன். மலைக்கு நடந்து போகிறவர்கள் கும்பலாகக் கடந்து போகிறார்கள். நான் படிப்பது பிரார்த்தனைச் சீட்டு என்று நினைத்தார்களோ என்னவோ, இன்று ஒரு அம்மாள் நின்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

நாளை மறுநாள் சொல்லிவிடுகிறேன். மூன்று வாக்கியங்களாக எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாவது அட்டை எனக்கு ஜனவரி முதல் தெரியும். நான் அதைத் தடுக்கவில்லை. எனக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுத்தது பொய்.

இன்னொரு செய்தி. ஆடிட்டரின் அறிக்கை வந்துவிட்டது. இருபத்தெட்டு பேருக்கு ஓர் அட்டை போதாது, இரண்டாக்கவேண்டும் என்று அவரே எழுதியிருக்கிறார். ஹரிபிரசாத் அதைப் படித்துவிட்டு, "அது வேற விஷயம், இது வேற விஷயம் மேடம்" என்றார்.

பிரமிளா


நகரி
19 ஆகஸ்ட் 2025

அக்கா,

பழையபடியே எழுதுகிறேன்.

உங்கள் முதல் கடிதம் நாளைக்கு என் பையில் இருக்கும். வெளியே எடுக்கமாட்டேன். எடுத்தால் நான் உங்களிடமிருந்து பிடுங்கியதாக ஆகும். நீங்களாகச் சொல்லவேண்டும்.

வேலையை நிறுத்தட்டுமா என்று லைனில் எல்லாரும் கேட்டு அனுப்பினார்கள். ரத்தினம்மாவும் கேட்டிருக்கிறாள். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. வேண்டாம், மேடமே சொல்லப்போறாங்க என்று கிருஷ்ணம்மாவிடம் சொல்லி அனுப்பினேன். "நெசமாவா?" என்று கேட்டாள். நான் பொறுப்பு என்றேன்.

இந்திராணி


திருப்பதி
21 ஆகஸ்ட் 2025, வியாழன்

இந்திராணிக்கு,

நேற்று நடந்தது உனக்குத் தெரியும். நீ எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாய். ஆனாலும் ஒருமுறை எழுதிவிடுகிறேன். இந்த ஒன்றையாவது நான் பார்க்காத மாதிரி விட்டுவிடக்கூடாது.

விசாரணைக்கு வந்த சித்தூர் வக்கீல் வெங்கடரமணன் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "இரண்டாவது அட்டைக்கு நீங்கள் அனுமதி கொடுத்தீர்களா?" இல்லை என்றேன். அது உண்மை. "ஆனால் சார்" என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவை உயர்த்தி, "அடிகினதானிகி மாத்ரம் செப்பண்டி மேடம்" என்றார். கேட்டதற்கு மட்டும் சொன்னால் போதுமாம். அதட்டவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். ஒரு பேனா உயர்ந்தது, நான் நின்றுவிட்டேன். மூன்று வாக்கியங்களும் என் கைப்பையில் இருந்தன. தட்டச்சு செய்து நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன்.

கடைசியில் உன்னிடம் ஆவணம் ஏதாவது உண்டா என்று கேட்டார். உன் கை பைமேல்தான் இருந்தது. நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவரைப் பார்த்து, "ஒண்ணியும் இல்ல சார்" என்றாய்.

நீ பார்க்காதது இன்று நடந்தது.

காலை ஐந்தே முக்காலுக்கு ஹரிபிரசாத் லைனுக்கு வந்தார். கையில் புது அட்டைகள், நீல நிறம். எல்லா லைனுக்கும் ஒன்று கூடுதலாக. நம் லைனுடையதன் எண் 0417-அ. அறிவிப்புப் பலகையில் தீயணைப்புத் தாளுக்குப் பக்கத்திலேயே ஒரு தாளை ஒட்டினார். கழிப்பறை அட்டை இரண்டாக்கப்படுகிறது. யோசனை: திருமதி பிரமிளா, ஷிஃப்ட் மேலாளர். நான் அப்படி யோசனை எதுவும் கொடுக்கவில்லையே என்றேன். "ஆடிட்டர் சொல்லிச் செஞ்சதா இருந்தா நல்லா இருக்காது. உள்ளேயிருந்து வந்ததா இருக்கட்டும் மேடம். உங்களுக்கும் நல்லதுதானே" என்றார். உன் விஷயத்தில் போலி நிரூபணமாகிவிட்டது, உத்தரவு பத்து நாளில் வரும் என்றும் சொன்னார். அட்டையை என் கையில் கொடுத்தார். நான் அதை ஆணியில் மாட்டினேன்.

ஆறு மணிக்கு லைன் ஓட ஆரம்பித்தது. எட்டு மணிவரை யாரும் அட்டையை எடுக்கவில்லை. டீ வந்தது; இருபத்தெட்டு டம்ளரும் அப்படியே திரும்பிப் போயின. பத்து மணிக்குத்தான் கவனித்தேன். மேஜைக்குக் கீழே தண்ணீர் பாட்டில்கள் நிறைந்தபடியே இருந்தன. ஒன்றின் மூடிகூடத் திறக்கவில்லை.

பிரீத்தியிடம் போய், போய்விட்டு வா என்றேன். "வரல மேடம்" என்றாள். டிசம்பரில் விழுந்தவள். உடம்பைப் பார்த்துக்கொள் என்றேன். அவள் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த ரத்தினம்மாவிடம் அட்டையை நானே கழற்றி நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. கிருஷ்ணம்மாதான் தலையை நிமிர்த்தாமல் பேசினாள். "யாருக்கும் வரல மேடம். வந்தா சொல்றோம்."

பன்னிரண்டு மணிக்கு ஹரிபிரசாத் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, லைன் இன்று மிக ஒழுங்காக இருக்கிறது என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஒரு வயர்கூடத் தவறவில்லை. எண்ணிக்கை வழக்கத்தைவிட ஆறு கூடுதல்.

இரண்டு மணிக்கு மணி அடித்தது. யாரும் ஓடவில்லை. வரிசையாக எழுந்து, ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு, கழிப்பறைக் கதவைத் தாண்டி நேராகப் பஸ்ஸுக்கு நடந்தார்கள். பிரீத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நகரி பஸ் வழியில் எங்கே நின்றது, நின்றதா என்று எனக்குத் தெரியாது.

படியில் கிருஷ்ணம்மா நின்று எல்லாரையும் எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தாள், நீ செய்வதுபோலவே. கடைசியில் அவள் மட்டும் இருந்தபோது, நாளைக்கு இந்திராணிக்கு ஒரு கடிதம் கொண்டுபோகவேண்டும் என்றேன்.

"போஸ்டுல போடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

பிரமிளா